இரண்டு மாரியாயிகள்

அப்பா பாதுகாத்து வைத்திருக்கும் பழைய செக்ரோல் புத்தகங்களை, அதாவது தொழிலாளர் வருகையும் கூலியும் எழுதிய பதிவேடுகளை, கணினியில் ஏற்றத் தொடங்கி மூன்று மாதமாகிறது. மொத்தம் 31 புத்தகங்கள். மலேசியாவில் அவர் கிராணியாக, அதாவது கணக்கெழுத்தராக, வேலை பார்த்த ரப்பர் தோட்டம் கைமாறிக் கைமாறி, இன்று முழுக்கச் செம்பனை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். காலையில் பெயர் கூப்பிட்டு வருகை எடுக்கும் பிரட்டுக்களம் இருந்த இடத்தில் லாரி நிற்கிறது. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் எப்போதாவது சுங்கை சிப்புட்டுக்கு வந்து எங்கள் தாமான் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். "ஐயா, எங்கள் பாட்டி பெயர் உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா?" என்பதுதான் கேள்வி. அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் தேடுவார். 78 வயதில் அந்தப் பொடி எழுத்தைப் படிப்பது சிரமம். அதனால்தான் இந்த வேலையை எடுத்துக்கொண்டேன்.

நான் தொழிலுக்குப் பயன்படுத்துவது ஹாஸ்கல். கணிதச் சார்புகளை (ஃபங்ஷன்களை) அடித்தளமாகக் கொண்ட நிரல்மொழி. கரி என்ற தர்க்கவியல் அறிஞரின் முதற்பெயரைச் சூடிய மொழி. அதன் முதன்மையான கம்பைலர், அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பிறந்த ஜிஹெச்சி. செக்ரோல் வரிகளைப் பிரித்தெடுக்க அதில் சிறிய நிரல் ஒன்றை எழுதினேன். அட்டோபார்செக் என்ற பொதி (பிறர் எழுதித் தரும் ஆயத்த நிரல் தொகுப்பு) வரிகளைப் பிரிக்கும். டெக்ஸ்ட் என்ற பொதி தமிழ் எழுத்துகளைத் தாங்கும். நூறு வரிகூட இராத நிரல் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு கம்பைலரிடம் கொடுத்தபோது அது இப்படிச் சொல்லி நின்றுவிட்டது:

எதிர்பார்த்த வகை, டெக்ஸ்ட். கிடைத்த வகை, டெக்ஸ்ட். இரண்டும் பொருந்தவில்லை.

வகை என்பது ஒரு தரவு எத்தகையது என்று சொல்லும் பெயர். கீழே ஒரு குறிப்பும் இருந்தது. முதல் டெக்ஸ்ட் 'டெக்ஸ்ட்-2.0.2' என்ற பொதியைச் சேர்ந்தது. இரண்டாவது 'டெக்ஸ்ட்-2.0.2' என்று தொடங்கி, ஒரு சிறு கோடு போட்டு, எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வால் ஒன்றோடு முடியும் பொதியைச் சேர்ந்தது. பெயர் ஒன்று, பதிப்பு எண்ணும் ஒன்று. ஆனாலும் கம்பைலர் இரண்டையும் வெவ்வேறு ஆட்களாகப் பார்த்தது.

காப்பி எடுத்துக்கொண்டு வந்த அப்பா திரையைப் பார்த்து, என்ன பிரச்சினை என்று கேட்டார். சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"இரண்டு மாரியாயி மாதிரி" என்றார்.

அவர் தோட்டத்தில் ஒரு காலத்தில் நான்கு மாரியாயிகள் இருந்தார்களாம். இருவருக்குத் தகப்பன் பெயரும் ஒன்றே. அதிகாலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டால் இரண்டு குரல் பதில் சொல்லும். அதனால் எல்லாக் கணக்கும் எண்ணில்தான் ஓடும். செக்ரோலில் எண், வெட்டும் மர வரிசையான நிரைக்கு எண், ரப்பர் பால் வாளியின் அடியில் சாயத்தால் எழுதிய எண். பால் நிறுக்கும் இடத்தில் வாளியைக் கவிழ்த்து எண்ணைப் பார்த்துத்தான் எடையை எழுதுவார்கள். பெயர் கூப்பிட, எண் கூலி கொடுக்க.

அன்று இரவு தூக்கத்தை விட்டு, நிறுவிய பொதிகளைப் பற்றி ஜிஹெச்சி எதை, எப்படிக் குறித்துவைக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். பல ஆண்டுகளாக இந்தக் கம்பைலரோடு வாழ்கிறேன். அதன் செக்ரோலை அன்றுதான் முழுதாகத் திறந்து படித்தேன்.

ஒரு பொதியை நிறுவும்போது அதன் மூல நிரலைக் கம்பைலர் மீண்டும் பார்ப்பதில்லை. ஏற்கெனவே கட்டிமுடித்த கோப்புகள் எங்கேயோ ஒரு கோப்புறையில் கிடக்கும். அவற்றைப் பற்றி ஒரு பதிவு எழுதப்படும். அந்தப் பதிவை மட்டும் நம்பித்தான் கம்பைலர் எல்லாம் செய்கிறது. பதிவேட்டின் பெயர் 'பேக்கேஜ்.கான்ஃப்.டி'. அது ஒரு கோப்புறை. உள்ளே ஒவ்வொரு பொதிக்கும் ஓர் உரைக் கோப்பு. சாதாரணத் திருத்தியில் திறந்து படித்துவிடலாம்.

டெக்ஸ்ட் பொதியின் கோப்பைத் திறந்தேன். முதலில் பெயர், பதிப்பு. அடுத்து அடையாளம். பின்னர் உரிமம், எழுதியவர், பராமரிப்பவர், சுருக்க விளக்கம். இவை மனிதர்களுக்காக. அதன் பிறகுதான் கம்பைலருக்கு வேண்டியவை வருகின்றன. ஏபிஐ (abi, கட்டிய நூலகத்தின் இருமநிலை இடைமுகம்) என்ற தலைப்பில் ஒரு நீண்ட கைரேகை எண். பொதியின் உட்பிரிவுகளான மாட்யூல்களில் வெளியார் பயன்படுத்தக்கூடியவற்றின் பட்டியல். மறைவான மாட்யூல்களின் பட்டியல். இடைமுகக் கோப்புகள் இருக்கும் கோப்புறை, கட்டிய நூலகம் இருக்கும் கோப்புறை, நூலகத்தின் பெயர், சி மொழி நூலகம் எதையாவது சேர்த்து இணைக்க வேண்டுமா என்ற தகவல். பிறகு, என் கேள்விக்கு விடை வைத்திருந்த வரி: இந்தப் பொதி யார் யாரைச் சார்ந்திருக்கிறது என்பது. கடைசியில் ஆவணங்கள் இருக்கும் இடம்.

சார்புப் பட்டியலில், டெக்ஸ்ட் நம்பியிருக்கும் பைட்ஸ்ட்ரிங் என்ற பொதியைப் பற்றி, 'பைட்ஸ்ட்ரிங் வேண்டும், இந்தப் பதிப்புக்கு மேல் இருந்தால் போதும்' என்ற தளர்வான பேச்சே கிடையாது. அப்படி எழுதுவது பொதியின் ஆசிரியர், கட்டுவதற்கு முன்பு. கட்டிமுடித்த பிறகு எழுதும் பதிவில் குறிப்பிட்ட ஒரே ஓர் ஆளின் முழு அடையாளம் இருக்கும். பெண் பார்க்கும்போது 'நல்ல குடும்பமாக இருக்க வேண்டும்' என்பார்கள். கல்யாணப் பதிவில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும்.

மறைவான மாட்யூல்களை ஏன் பட்டியலிட வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். நாம் அவற்றை நேராக அழைக்க முடியாது, உண்மைதான். ஆனால் ஜிஹெச்சி ஒரு பொதியின் சிறிய ஃபங்ஷன்களை எடுத்து நம் நிரலுக்குள்ளேயே விரித்து எழுதும் பழக்கம் உடையது. வேகம் அதில்தான் கிடைக்கிறது. விரித்து எழுதிய துண்டு உள்ளறையில் இருக்கும் ஒரு பெயரைச் சுட்டலாம். அப்போது கம்பைலர் அந்த உள்ளறைக்குள் போய்ப் பார்த்தாக வேண்டும். விருந்தாளிக்குத் திறக்காத அறையின் சாவியும் வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும் அல்லவா.

இந்த வடிவம் ஒரே நாளில் வந்ததில்லை. ஒரு காலத்தில் மொத்தப் பதிவேடும் ஒரே கோப்பு. ஹாஸ்கல் மொழியிலேயே எழுதிய ஒரு நீண்ட பட்டியலாக எல்லாப் பொதிகளும் அதற்குள் கிடந்தன. ஒரு பொதியைச் சேர்க்க முழுக் கோப்பையும் படித்து, முழுதாகத் திருப்பி எழுத வேண்டும். 2009 டிசம்பரில் வந்த 6.12 பதிப்பில்தான் அதைக் கோப்புறையாக்கி, பொதிக்கு ஒரு கோப்பு என்று பிரித்தார்கள். லினக்ஸ் வழங்கல்களுக்கு அது பெரிய நிம்மதி. ஒரு பொதியைச் சேர்ப்பது ஒரு கோப்பை வைப்பதாகவும், நீக்குவது ஒரு கோப்பை எடுப்பதாகவும் ஆயிற்று. நூற்றுக்கணக்கான உரைக் கோப்புகளை ஒவ்வொரு முறையும் படித்தால் நேரமாகும் என்பதால் பக்கத்திலேயே 'பேக்கேஜ்.கேஷ்' என்ற இருமக் கோப்பு ஒன்றும் உருவானது. கம்பைலர் படிப்பது அதைத்தான். உரைக் கோப்பைக் கையால் திருத்திவிட்டு இதைப் புதுப்பிக்க மறந்தால் கம்பைலருக்கு நம் திருத்தம் தெரியவே தெரியாது. தெரியாதவர் இந்தப் பாடத்தை ஒரு மாலை முழுதும் கற்க வேண்டியிருக்கும், ஆகவே சொல்லிவைக்கிறேன்.

அதே 6.12 பதிப்பில்தான் பெயரையும் பதிப்பையும் தாண்டிய ஓர் அடையாளம் வந்தது. பெயர், பதிப்பு, அவற்றின் வாலில் ஏபிஐ கைரேகை. பொதி வெளியே காட்டும் மாட்யூல்களின் இடைமுகங்களைக் கலந்து பிழிந்து எடுத்த எண் அது. உள்ளே ஏதாவது மாறி அது வெளியே தெரியும்படி இருந்தால் கைரேகையும் மாறிவிடும்.

ஆனாலும் ஒரு பெரிய குறை மிச்சமிருந்தது. ஒரே பெயரும் பதிப்பும் உள்ள பொதிக்குப் பதிவேட்டில் ஒரே இடம்தான். புதிதாக ஒன்றை நிறுவும்போது, ஏற்கெனவே இருந்த பொதியை வேறு சார்புகளோடு மீண்டும் கட்ட நேர்ந்தால் பழையது அழிந்து புதியது அதே இடத்தில் உட்கார்ந்துவிடும். பழையதை நம்பிக் கட்டிய பொதிகள் எல்லாம் அந்தரத்தில் தொங்கும். அவற்றின் சார்பு வரியில் இருக்கும் அடையாளம் இனி இல்லை. பொதிகளைக் கட்டும் கருவியின் பெயரையே சேர்த்து 'கபால் நரகம்' என்று இதை உலகம் முழுதும் அழைத்தார்கள். அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து நிறுவிய இரவுகள் எனக்கும் உண்டு.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பாவின் முகம் மாறியது. அவருடைய தோட்டத்திலும் இது நடந்திருக்கிறது.

1970களின் நடுவில் ஒரு தொழிலாளி இறந்துபோனார். அவர் எண் 87. புத்தகம் நீண்டுகொண்டே போகக் கூடாது, காலியான எண்களைப் புதியவர்களுக்குக் கொடுங்கள் என்று மேலிடத்து உத்தரவு. பால் வெட்ட வந்த 17 வயதுப் பெண் ஒருத்திக்கு 87 போனது. முதல் சம்பள நாளில் அந்தப் பெண் கைநீட்டி வாங்கிய பணம் பாதிகூட இல்லை. இறந்தவர் தோட்டத்துக் கடையில் வைத்துப்போன கடன் அதே எண்ணில் எழுதியிருந்தது. கடைக் கணக்கு எண்ணைத்தான் பார்த்தது, ஆளைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் அலுவலகத்துக்கு வெளியே நின்று எதுவும் கேட்காமல் அழுதாள். அதைச் சரிசெய்து பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடுக்க அப்பாவுக்கு இரண்டு மாதம் பிடித்தது.

"எண்ணை மாற்றி எழுதியவன் நான்தானம்மா" என்றார். "ஆளை மாற்றினால் எண்ணையும் மாற்ற வேண்டும். அந்த எண்ணை நம்பி எத்தனை இடத்தில் கணக்கு எழுதியிருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?"

கம்பைலரை எழுதியவர்கள் வந்து சேர்ந்த முடிவும் இதேதான். 2015இல் வந்த 7.10 பதிப்பு, ஒரே பெயரும் ஒரே பதிப்பும் கொண்ட பல பொதிகள் ஒரே பதிவேட்டில் அருகருகே இருக்க வழிசெய்தது. அடுத்த ஆண்டு 8.0இல் அந்த அடையாளத்துக்கு 'யூனிட் ஐடி' என்ற பெயர் நிலைத்தது. கபால் கருவியோ இன்னும் ஓர் அடி எடுத்துவைத்தது. ஒரு பொதியைக் கட்டுவதற்கு முன்பே அதன் அடையாளத்தைக் கணக்கிடுகிறது. மூல நிரல் எது, எந்தக் கம்பைலர், எந்த விருப்பத் தேர்வுகள், சார்ந்திருக்கும் பொதிகளின் அடையாளங்கள் என்னென்ன என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பிழிந்து ஒரு வால் எண் எடுக்கிறது. இடுபொருளில் ஒன்று மாறினாலும் எண் வேறு. எண் வேறானால் ஆள் வேறு, கோப்புறை வேறு. பழையதன் மேல் எவரும் உட்கார முடியாது.

கட்டிய பிறகு வரும் கைரேகையை விட்டுவிட்டு, கட்டுவதற்கு முன்பே அடையாளம் வேண்டும் என்பதற்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. கட்டும்போது உருவாகும் ஒவ்வொரு குறியீட்டுப் பெயரிலும் அந்த அடையாளமே முன்னொட்டாக உட்கார்ந்திருக்கும். கட்டிய துண்டுகளை ஒரே நிரலாகச் சேர்க்கும் இணைப்பானுக்குப் புள்ளியும் கோடும் பிடிக்காது என்பதால் அவற்றை ஜிஹெச்சி மாற்றி எழுதுகிறது. புள்ளி வந்தால் 'இசட் ஐ', சிறு கோடு வந்தால் 'இசட் எம்', இசட் எழுத்தே வந்தால் இரண்டு இசட். பார்வைக்குக் கரடுமுரடான பெயர்கள். ஆனால் இரண்டு டெக்ஸ்ட் பொதிகளும் ஒரே நிரலில் மோதாமல் இருக்க அவைதான் காவல். ஹாஸ்கலில் ஒரு வகை என்பது யூனிட் ஐடி, மாட்யூல், பெயர் ஆகிய மூன்றும் சேர்ந்தது. நாம் எழுதுவது பெயரை மட்டும். மற்ற இரண்டையும் கம்பைலர் மௌனமாகச் சேர்த்துக்கொள்கிறது.

இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்குத் தமிழை வைத்தே பதில் சொல்லலாம். டெக்ஸ்ட் பொதி 2.0 பதிப்புக்கு முன்பு வரை எழுத்துகளை யூடிஎஃப்-16 என்ற குறியாக்க முறையில் வைத்திருந்தது. 2021 இறுதியில் வந்த 2.0 அதை யூடிஎஃப்-8 ஆக்கியது. 'மாரியாயி' என்ற பெயரில் ஒருங்குறிக் கணக்கில் எட்டுக் குறிகள் உள்ளன. பழைய டெக்ஸ்டில் அது 16 பைட். புதியதில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் என்பதால் 24. நிரல் எழுதுபவரின் கண்ணுக்கு இரண்டும் 'டெக்ஸ்ட்'தான். ஒன்றை மற்றொன்று என்று நம்பிப் படித்தால் மாரியாயி குப்பையாகிவிடுவாள். பைட்ஸ்ட்ரிங் பொதியிலும் இப்படி ஒன்று நடந்தது. 0.11 பதிப்பில் அதன் உள்வடிவத்திலிருந்து தொடக்க இடத்தைக் குறிக்கும் புலத்தை எடுத்துவிட்டார்கள். மூன்றாக இருந்தது இரண்டானது. ஒரே டெக்ஸ்ட் பதிப்பை இரண்டு வேறு பைட்ஸ்ட்ரிங்குகளோடு கட்டினால், வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தும் உள்ளே பரிமாறிக்கொள்ளும் பொருள் வேறாகிவிடும். இன்று மாறியிருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கும் வேலையைக் கம்பைலர் செய்யாது. அடையாளம் வேறு என்றால் மறுத்துவிடும். இந்தப் பிடிவாதத்தை நான் மனமார மதிக்கிறேன்.

இந்தப் பதிவைக் கம்பைலர் தனக்குள் எப்படி வைத்துக்கொள்கிறது என்பதைப் பார்த்தபோதுதான் மனம் நிறைந்தது. பதிவின் வடிவம் ஒரே ஒரு முறை வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அடையாளம் என்ன வகை, மாட்யூல் பெயர் என்ன வகை என்பவை அதில் காலி இடங்கள். வட்டிலிருந்து படிக்கும்போது அந்த இடங்களில் வெறும் பைட் சரங்கள் உட்காரும். கம்பைலருக்குள் வந்ததும் அதே வடிவத்தில் கம்பைலரின் சொந்த வகைகள் உட்காரும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோக ஒரு ஃபங்ஷன் போதும். வட்டில் இருப்பதைத் தவறுதலாக உள்ளே இருப்பதாக எடுத்துக்கொண்டால் வகைச் சோதனையே பிடித்துவிடும். டெக்ஸ்ட் விஷயத்தில் என்னிடம் காட்டிய கண்டிப்பைக் கம்பைலர் தன் மீதும் காட்டிக்கொள்கிறது.

கேஷ் கோப்பும் இரண்டு பகுதியாக இருக்கிறது. முதல் பகுதி கம்பைலருக்கு. இரண்டாவது, பதிவேட்டைப் பராமரிக்கும் கருவிக்கு. உரிமம் என்ன, ஆசிரியர் யார், ஆவணம் எங்கே என்பது கம்பைலருக்குத் தேவையில்லை. தன் பங்கை மட்டும் படித்துவிட்டுப் போகிறது. இப்படிப் பிரித்ததால் கபால் நூலகத்தை நம்பியே கம்பைலர் இருக்க வேண்டிய நிலையும் நீங்கியது. அப்பாவிடமும் இரண்டு இருந்தன. காலையில் பிரட்டுக்களத்தில் கையில் வைத்திருக்கும் சின்னக் குறிப்பேடு ஒன்று, அலுவலக மேசையில் இருக்கும் பெரிய புத்தகம் ஒன்று. சின்னதில் எண்ணும் வருகையும் மட்டும். இருட்டில், கைவிளக்கு வெளிச்சத்தில் அதற்கு மேல் படிக்க முடியாது.

என் பிழைக்கு வருகிறேன். அட்டோபார்செக்கின் பதிவில் சார்பு வரியைப் பார்த்தேன். அது சுட்டியது வாலுள்ள டெக்ஸ்டை. என் நிரலோ கம்பைலருடன் கூடவே வந்த, வாலில்லாத டெக்ஸ்டை எடுத்துக்கொண்டிருந்தது. சில மாதங்களுக்கு முன்பு வேறொரு வேலைக்காகப் புதிய பைட்ஸ்ட்ரிங்கை நிறுவியிருந்தேன். அதற்கேற்ப டெக்ஸ்ட் மறுபடி கட்டப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு அட்டோபார்செக் கட்டப்பட்டது. எந்த எந்தப் பொதி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லும் சூழல் கோப்பில் மட்டும் பழைய டெக்ஸ்ட் வரி அப்படியே இருந்தது. பதிவேட்டில் எந்தத் தவறும் இல்லை. சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டினேன், எந்தப் பொதியும் உடைந்திருக்கவில்லை. இரண்டு டெக்ஸ்டும் நல்ல நிலையில், தத்தம் இடத்தில் இருந்தன. ஒருத்தியின் வாளியை இன்னொருத்தியின் கணக்கில் எழுதச் சொன்னது என் சூழல் கோப்பு.

அந்தக் கோப்பை நீக்கினேன். வேண்டிய பொதிகளை ஒரு திட்டக் கோப்பில் எழுதிக் கபாலிடம் கொடுத்தேன். அது எல்லோருக்கும் பொதுவாக ஒரே டெக்ஸ்டைத் தேர்ந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு நிரல் ஓடியது.

இப்போது ஒவ்வொரு வரியையும் எண், சேர்ந்த நாள், நிரை மூன்றையும் இணைத்து ஓர் அடையாளமாக்கிச் சேமிக்கிறேன். பெயரை வைத்து ஆட்களைச் சேர்ப்பதை விட்டுவிட்டேன். எண்ணை மட்டும் வைத்தும் சேர்ப்பதில்லை. 87 என்று தேடினால் இருவர் வருகிறார்கள். இறந்தவர் ஒரு வரியில், அந்தப் பெண் இன்னொரு வரியில். கடைக்கடன் இறந்தவர் வரியில் மட்டும் இருக்கிறது. அப்பா அந்தத் திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் பூச்சோங்கிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். பாட்டி பெயர் மாரியாயி, இந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார், வேறு ஒன்றும் தெரியாது என்றார். நான்கு மாரியாயிகளும் திரையில் இருந்தார்கள். அப்பா தொலைபேசியை வாங்கி, "பாட்டியின் எண் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் சற்று யோசித்தார். அம்மா வீட்டில் ஒரு பழைய வாளி இருக்கிறது, அதில் பூச்செடி வைத்திருக்கிறார்கள், அடியில் ஏதோ சாயத்தில் எழுதியிருந்ததாக நினைவு என்றார். மண்ணைக் கொட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.